ஆனந்தவல்லியின் ரத்தவகை

நாகஜோதிக்கு ரத்தவகை பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி. பதினாறு வருஷமாகச் செய்கிறாள். செட்டியார்பட்டியில் பஸ் ஏறினால் எட்டரைக்கெல்லாம் ராஜபாளையம் தென்காசி சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு வந்துவிடுவாள். வெள்ளைக் கோட்டை மாட்டினாளானால் மதியச் சாப்பாட்டுக்குள் இருபது முப்பது பேரின் வகையை எழுதி முடித்திருப்பாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். மனசு, வீட்டில் ஊறப்போட்டுவிட்டு வந்த உளுந்தை நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கை நின்றுவிட்டது.

மாதிரி மாடி வார்டிலிருந்து வந்திருந்தது. ஆனந்தவல்லி, வயது இருபத்தாறு, ஊர் வன்னியம்பட்டி, எட்டாவது மாதம், தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஆபரேஷன்தான் என்று பிரசவ டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் நிறையப் போகலாம். இரண்டு பாட்டில் கைவசம் இருந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. ஆனந்தவல்லி கல்லூரியில் படித்தபோது ஒரு முகாமில் கொடுத்த அட்டையில் 'ஓ பாசிட்டிவ்' என்றிருந்தது. ஓ ரத்தத்துக்கு என்ன பஞ்சம்? ஃபிரிட்ஜில் பதினோரு பை கிடந்தது.

நாகஜோதி முதலில் ஏ-வுக்கும் பி-க்கும் உரிய மருந்தை ஒவ்வொரு சொட்டு விட்டாள். ரத்தம் கட்டவில்லை. சரி, ஓ-தான். அடுத்து மறுபக்கச் சோதனை. ஆனந்தவல்லியின் ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, லேபில் வைத்திருக்கும் ஏ, பி, ஓ சிவப்பணுக்களோடு தனித்தனியே கலக்க வேண்டும். ஏ-வும் பி-யும் கட்டும். ஓ அணு சாது. யாரோடும் வம்புக்குப் போகாது. அது சும்மா கிடக்க வேண்டும்.

குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தட்டினாள். ஓ அணுக்கள் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றன.

"குழாய மாத்தி வச்சிட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி செய்தாள். மறுபடியும் கட்டி. அணுக்களைக் கழுவிச் செய்தாள். கட்டி. உளுந்து அவள் நினைப்பிலிருந்து போய்விட்டது.

புது மாதிரி எடுக்கத் தானே மாடி ஏறினாள். ஆனந்தவல்லி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா செல்லத்தாய், பிஞ்சுகளை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

"காலைலதானக்கா எடுத்தீய? அம்புட்டையும் செலவழிச்சிட்டீயளா?" என்று ஆனந்தவல்லி சிரித்தாள்.

"இன்னொரு தடவ பாக்கணும்மா. உங்க ரத்தம் எங்கிட்ட கண்ணாமூச்சி ஆடுது."

கீழே வந்ததும் ரத்த வங்கி டாக்டர் காஞ்சனாவைக் கூப்பிட்டாள். காஞ்சனா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், எப்போதாவது உதவும் என்று சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளை வாங்கி ஃபிரிட்ஜின் மூலையில் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அதில் ஒரு குப்பியை எடுத்தார். ஏதோ முட்செடியின் விதையிலிருந்து எடுத்த மருந்து அது. சாதாரண ஓ ரத்தத்தில் விட்டால் உடனே கட்டிவிடும். நாகஜோதியின் ரத்தமும் ஓ-தான். அவள் விரலைக் குத்தி ஒரு சொட்டு, ஆனந்தவல்லியின் ரத்தம் ஒரு சொட்டு, இரண்டையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்து மருந்தை விட்டார்கள். நாகஜோதியினுடையது மணல் மாதிரி திரண்டது. ஆனந்தவல்லியினுடையது குங்குமம் கரைத்த தண்ணீராக வழுவழுவென்று கிடந்தது.

நாகஜோதி கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மேடம், பாம்பே வகையா?" என்றாள் நாகஜோதி. டிப்ளமா படித்தபோது புத்தகத்தில் மூன்று வரி வந்த பெயர் அது. பரீட்சைக்குக் கேட்கமாட்டார்கள் என்று தாண்டிப்போனவள்.

"அதேதான். மதுரைக்கும் அனுப்பி உறுதி பண்ணிக்குவோம். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

ரத்தம் சிவப்பாக இருப்பது அணுவுக்கு உள்ளே இருக்கும் விஷயம். வகை என்பது முழுக்க வெளியே இருக்கும் விஷயம். சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் தோல் இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது; தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தத் தோலில் புரதங்கள் பதிந்திருக்கும். சில புரதங்கள் வாசலாக நின்று உப்பையும் தண்ணீரையும் அளவோடு உள்ளே வெளியே விடும். வேறு சில, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கி நிற்கும். இது நம் அணு, இது அந்நியம் என்று உடம்பு பிரித்தறிவது அந்தச் சங்கிலியின் நுனியைப் பார்த்துத்தான். நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஏறினால் ஏ. இன்னொன்று ஏறினால் பி. ஒன்றும் ஏறாமல் வெறும் நுனி நின்றால் ஓ. அந்த வெறும் நுனிக்கு ஹெச் என்று பெயர். கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஹெச் உண்டு. இந்தியாவில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்காது. அந்த ஒருவரின் உடம்பு ஓ ரத்தத்தைக்கூட எதிரி என்று எண்ணி அடித்து உடைத்துவிடும்.

நாகஜோதிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பதினாறு வருஷத்தில் தன் கண்ணால் கண்டுபிடித்த முதல் அதிசயம். மறுகணமே அந்தப் பதினோரு பையில் ஒன்றை மாடிக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு, போனை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க போன்தான். அபூர்வ ரத்தவகைக்காரர்களின் பட்டியல் வைத்திருக்கும் ஒரு குழுவின் மூலம் நாகர்கோவிலில் ஒருவர் கிடைத்தார். கல்லூரிப் பேராசிரியர், பெயர் அச்சுத். வருகிற வாரமே வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று, கல்யாணத்துக்கு வரச் சம்மதிப்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். ஒரு பாட்டில் ஆயிற்று. இன்னொன்று? பட்டியலில் இருந்த மற்றவர்களில் ஒருவர் துபாயில், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார்.

"சொந்தத்துலதான் தேடணும்" என்றார் காஞ்சனா. "கூடப் பொறந்தவங்க உண்டா?"

ஆனந்தவல்லி ஒரே பிள்ளை. ஆனால் நாகஜோதி செல்லத்தாயிடம் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் முதுகில் குடும்பத்தை வரைந்தபோது அந்தத் தாள் போதவில்லை. ஆனந்தவல்லியின் புருஷன் சோலைராஜ், செல்லத்தாயின் அண்ணன் மகன். அந்த அண்ணன் கட்டியது தன் அக்கா மகளை. செல்லத்தாயின் புருஷனும் தாய்மாமன் மகன்தான். மூன்று தலைமுறையாகக் கொடுப்பதும் எடுப்பதும் ஒரே வளவுக்குள், சொந்தத்துக்குள்ளேயே. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தாள் பின்னல் கூடை மாதிரி ஆகிவிட்டது.

"இப்படிப்பட்ட குடும்பத்துலதான் இது ஒளிஞ்சிருக்கும். ஆத்தா, எத்தன பேரக் கூட்டிட்டு வரமுடியுமோ கூட்டிட்டு வாங்க" என்றாள் நாகஜோதி.

செல்லத்தாய் அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இருபத்திரண்டு பேர். இரண்டு அண்டா எலுமிச்சைச் சோறும், ஒரு வாளி துவையலும், வாழையிலைக் கட்டும் கூடவே இறங்கின. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரிந்தது. காவலாளி தடுக்கப் போய், ஐந்து நிமிஷத்தில் அவரே இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கருத்தையா என்ற பெரியவர் முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு வயசு எழுபத்தெட்டு தாயி. உடம்புல ஊசியே ஏறினதில்ல. ரத்தம் அப்படியே கெடக்கு. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோ!"

"உங்க வயசுக்கு எடுக்கக்கூடாது தாத்தா. சோதனைக்கு ஒரு சொட்டு போதும்."

"ஒரு சொட்டா? அதுக்கா நான் வெளுத்த வேட்டி கட்டிட்டு வந்தேன்!"

இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது கல்பனா. சோலைராஜுக்கு மூத்தவள், ஆனந்தவல்லிக்கு மதினி, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. ஆண்டாள் கோயில் தேருக்கான பந்தோபஸ்து வேலையிலிருந்து இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, காக்கி உடுப்போடே வந்திருந்தாள்.

"ஏலே, வரிசையில நில்லுங்கலே! ஏட்டி, நீ பிள்ளையத் தூக்கிட்டு முன்னாடி வா. பெரியப்பா, சாப்பிட்டது போதும், எந்திரிங்க!" அவள் குரலுக்கு வரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது.

விஷயம் என்னவென்று எல்லாரும் கேட்டதால் நாகஜோதி வெளியே வந்து சொன்னாள். "வீட்டு வாசல்ல தோரணம் கட்டுறோம்ல? கதவு நிலை இருந்தாத்தான கட்டமுடியும்? ரத்தத்துல ஒவ்வொரு அணுவுக்கும் மேல்தோல்ல ஒரு நிலை உண்டு. ஏ, பிங்கறதெல்லாம் அதுல கட்டுற தோரணம். ஓன்னா தோரணமில்லாத வெறும் நிலை. ஆனந்தவல்லி ரத்தத்துல அந்த நிலையே கெடையாது. அதனால நிலை உள்ள ரத்தம் எது உள்ள போனாலும் அவ உடம்பு சண்டைக்கு வரும். அதே மாதிரி நிலையில்லாத ஆள் ஒருத்தர் உங்கள்ல இருந்தா அவிய கொடுக்கலாம்."

"அப்ப எம்பிள்ளைக்கு ஒரு குறையா?" என்று செல்லத்தாய் பதறினாள்.

"குறையே இல்ல ஆத்தா. உள்ள எல்லா வேலையும் அந்த அணு ஒழுங்காப் பாக்குது. வெளிய அடையாளம் மட்டும் வேற."

சோதனை சுலபம். ஆனந்தவல்லியின் தெளிநீரில் ஒரு சொட்டு, சொந்தக்காரரின் ரத்தத்தில் ஒரு சொட்டு. கட்டினால் ஆகாது. பதினோரு மணிக்குத் தொடங்கினாள். கட்டியது. கட்டியது. கட்டியது. கருத்தையாவுடையது இரண்டு வினாடியில் கட்டியதில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம். சோலைராஜ் மூன்று முறை எட்டிப்பார்த்துவிட்டு, தன்னுடையதும் கட்டியதைக் கண்டு சுவரில் சாய்ந்து நின்றான். பன்னிரண்டரைக்குள் இருபத்திரண்டு பேரும் முடிந்துவிட்டார்கள். ஒருவரும் தேறவில்லை.

"வேற யாரும் பாக்கி இருக்காங்களா?" என்றாள் நாகஜோதி.

எல்லாரும் கல்பனாவைப் பார்த்தார்கள்.

"நான் ஓ பாசிட்டிவ். என் அடையாள அட்டையிலயே போட்டிருக்கு" என்றாள் கல்பனா. "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. வாரேன்."

"ஆனந்தவல்லி அட்டையிலயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு மேடம்."

கல்பனா தொப்பியை எடுத்து மாட்டினாள். கழற்றினாள். அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. சோலைராஜ் நாகஜோதியின் காதோரம் வந்து, "அக்காவுக்கு ஊசின்னா பயம். சின்ன வயசுல தடுப்பூசி போட வந்தப்ப பருத்திக் காட்டுக்குள்ள ஓடிப்போய் சாயங்காலம்தான் வந்தா" என்றான்.

"ஏலே, என்னலே ஓதுத?"

அப்போது சக்கர நாற்காலியில் ஆனந்தவல்லி வந்து சேர்ந்தாள். மாடி ஜன்னலிலிருந்து இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மதினியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதினி, அங்க பாக்காதீய. என் மூஞ்சியப் பாருங்க. நீங்க என்னப் பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு நான் வச்ச குழம்பு எப்படி இருந்துச்சு, நெசத்தச் சொல்லுங்க."

"அது குழம்பாட்டி? புளித்தண்ணி! மாட்டுக்கு வச்சாக்கூட..." என்று கல்பனா ஆரம்பித்தாள். "நான் அன்னைக்கே தம்பிகிட்ட சொன்னேன், இந்தப் பிள்ள சிரிக்கிற சிரிப்புக்குக் கட்டிக்கோ, சோத்துக்கு ஓட்டலப் பாத்துக்கோன்னு..."

"முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள் நாகஜோதி.

"என்னது, குத்தியாச்சா?"

நாகஜோதி உள்ளே போய்க் கண்ணாடியில் இரண்டு சொட்டையும் கலந்து மெதுவாகச் சாய்த்தாள். ஒரு பக்கம் சாய்த்தால் சிவப்பு அந்தப் பக்கம் ஓடியது. மறுபக்கம் சாய்த்தால் மறுபக்கம் ஓடியது. ஒரு துகள்கூடத் திரளவில்லை. இரண்டு நிமிஷம் காத்தாள். ஐந்து நிமிஷம் காத்தாள். முட்செடி விதை மருந்தையும் விட்டுப் பார்த்தாள். குங்குமத் தண்ணீர்தான்.

கண்ணாடியை அப்படியே ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வேப்பமரத்தடியில் எழுந்த குலவைச் சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கருத்தையா துண்டை உதறித் தோளில் போட்டு இரண்டு ஆட்டம் ஆடினார். சோலைராஜ் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதான். "யூனிபார்ம் கசங்குதுலே" என்றாள் அவள், அவன் முதுகைத் தட்டிக்கொண்டே.

அடுத்த வியாழக்கிழமை, தேரோட்டம் முடிந்த பிறகு, கல்பனா வந்து ரத்தம் கொடுத்தாள். கொடுத்த பத்து நிமிஷமும் ஆனந்தவல்லியின் சமையல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அச்சுத் நாகர்கோவிலிலிருந்து வந்தார். கொடுத்தார். செல்லத்தாய் கட்டாயப்படுத்தியதில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் ஆவணி முதல் வாரம் காலையில் நடந்தது. நாகஜோதி கீழே தன் இடத்தில் இருந்தாள். பத்தேகாலுக்கு போன் வந்தது: ஒரு பை. அச்சுத்தின் ரத்தம் போயிற்று. பதினைந்து நிமிஷத்தில் மறுபடி போன்: இன்னொன்று. கல்பனாவின் ரத்தம் போயிற்று. அதன்பின் போன் அடிக்கவில்லை. ஃபிரிட்ஜில் இனி அந்த வகையில் ஒன்றும் கிடையாது. எழுதவேண்டிய பதிவேட்டைத் திறந்து வைத்து ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குக் காஞ்சனாவே படியிறங்கி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பெண் குழந்தை. ரெண்டு கிலோ எழுநூறு. அம்மா நல்லா இருக்கா. கண் முழிச்சதும் வெள்ளரிக்கா கேட்டாளாம்!" கையில் தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம் இருந்தது. "இந்தாங்க, சின்ன மேடத்தோட வகையப் பாருங்க."

நாகஜோதி பார்த்தாள். பி மருந்தில் ரத்தம் கட்டியது. மறுபடி பார்த்தாள். பி பாசிட்டிவ். ஒரு கணம் புருவம் சுருங்கியது. பிறகு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்து, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே, ஐயோ என்று எழுந்து ஓடினாள். அறிக்கை கணினி வழியாக மாடிக்குப் போய்விட்டிருந்தது.

அவள் போய்ச் சேர்வதற்குள் சோலைராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவன். "நானும் ஓ. இவ அட்டையிலயும் ஓ. பாப்பா எப்படி பி?" என்று வெள்ளந்தியாகக் கேட்டான்.

கல்பனா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "பிள்ள மாறிப்போச்சா? ஏலே, கீழ் கேட்டப் பூட்டச் சொல்லு! ஒருத்தரும் வெளிய போகக்கூடாது! சிஸ்டர், இன்னைக்கு இங்க எத்தன பிரசவம்?"

"இது ஒண்ணுதான் மேடம்" என்றாள் நர்ஸ்.

"பூட்டாதீங்க, பூட்டாதீங்க!" என்று மூச்சு வாங்க நாகஜோதி உள்ளே வந்தாள். "பிள்ள உங்க பிள்ளதான். நான் சொல்றதக் கேளுங்க. ஆனந்தவல்லி அட்டையில ஓன்னு போட்டதே சரியில்லேல்ல? அவகிட்ட தோரணம் இல்லேன்னு நினைச்சோம். இருந்திருக்கு. பி தோரணம் அவகிட்ட பொறந்ததுலருந்தே இருக்கு. கட்டுறதுக்கு நிலை இல்லாததால வெளிய தெரியல. பாப்பாவுக்கு அப்பாகிட்டருந்து நிலை கெடச்சிருச்சு, அம்மாகிட்டருந்து தோரணம் கெடச்சிருச்சு. அம்புட்டுதான்!"

கட்டிலில் ஆனந்தவல்லி, மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில், "அப்ப அந்த பி எனக்கு எங்கருந்து வந்துச்சுக்கா?" என்றாள்.

"உங்க அம்மாகிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோ."

மூலையில் நின்ற செல்லத்தாய் முன்னால் வந்தாள். சுட்டுவிரலால் தன் உள்ளங்கையில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில் ஒரு வளைவு, அதற்குக் கீழே இன்னொரு வளைவு. "இப்படியா இருக்கும் அந்த எழுத்து? ஒரு கம்பு, ரெண்டு வயிறு? பக்கத்துல ஒரு கூட்டல் குறி?"

"ஆமா ஆத்தா. பி பாசிட்டிவ். உங்களுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"தெரியாது. இவ அப்பா மிலிட்டரியில சுபேதாரா இருந்தாவல்ல, அவிய கழுத்துல ஒரு தகடு போட்டிருப்பாவ. சிவனாண்டின்னு பேரு, ஒரு நம்பரு, கடைசில இந்த எழுத்து. அவிய தவறின பொறவு தகட்ட எங்கிட்ட கொடுத்தாவ. பத்தொம்பது வருசமா அலமாரியில இருக்கு. வெள்ளிக்கிழம தோறும் தொடச்சு வைப்பேன். என்ன எழுத்துன்னு நான் யார்ட்டயும் கேட்டதில்ல."

சிவனாண்டி இறந்தபோது ஆனந்தவல்லிக்கு ஏழு வயது. அப்பாவைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பதே கொஞ்சம். அவள் கையை நீட்டினாள். கல்பனா தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அவள் பக்கத்தில் கிடத்தினாள். ஆனந்தவல்லி அந்தச் சின்ன உள்ளங்காலை விரலால் வருடி, "எங்கப்பாவோடதா?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. செல்லத்தாய் குனிந்து, "என்ன சுபேதார், லீவுக்கு வந்துட்டீயளா?" என்று பேத்தியிடம் கேட்டாள். அதற்கு எல்லாரும் ஒன்றாகச் சிரித்ததில் குழந்தை விழித்து வீரிட்டது.

தாயின் உடம்பிலிருந்து வந்த எதிர்ப்பொருளால் மஞ்சள் காமாலை வருமோ என்று டாக்டர்கள் கவனமாக இருந்தார்கள். லேசாக வந்தது. இரண்டு நாள் நீல விளக்கின் கீழே, கண்ணில் துணி கட்டி, கடற்கரையில் படுத்திருக்கும் வெள்ளைக்காரி மாதிரி கிடந்தது குழந்தை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.

ஏழாம் நாள் அவர்களை அழைத்துப்போக அதே வேன் வந்தது. நாகஜோதி கையுறையைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள். கல்பனா முன் சீட்டில் உட்கார்ந்து, மெதுவாகப் போகவேண்டிய பள்ளங்களை டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோலைராஜ் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, செத்த நேரம் பிடிங்க. நான் ஏறிக்கிடுதேன்" என்று ஆனந்தவல்லி குழந்தையை நீட்டினாள்.

நாகஜோதி வாங்கிக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ பேரை அவள் சொட்டுகளாக அறிவாள். ஒரு முழு ஆளைக் கையில் ஏந்துவது இதுதான் முதல் தடவை. குழந்தை வெதுவெதுப்பாக இருந்தது. பால் மணம் அடித்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல் மூடிக்கொண்டது.

"ஏறிட்டேன்க்கா, கொடுங்க" என்று உள்ளிருந்து ஆனந்தவல்லி இரண்டு முறை கூப்பிட்டாள்.

"கொடுக்கேன், கொடுக்கேன். என்ன அவசரம்?" என்றாள் நாகஜோதி.